வயல்நீரில் மூச்சு: காவிரிப் படுகை மீன்களும் உடற்செயல்களின் பரிணாமமும்

உறுப்பின் வடிவம் காலப்போக்கில் மாறியதற்குப் பாறையில் பதிந்த எலும்பு சாட்சி சொல்லும். மூச்சு விடுதல், கழிவு நீக்குதல் போன்ற உடற்செயல்களுக்கு அப்படிப்பட்ட நேரடிச் சாட்சி மிக அரிது. அதனால் உயிரினங்களில் செயல்கள் எவ்வாறு பரிணமித்தன என்று கேட்பவர் உயிரோடிருக்கும் உடல்களைத்தான் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பீட்டுக்கு வலங்கைமான் வட்டாரத்து வயல், வாய்க்கால், குட்டைகளில் வாழும் சில மீன்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. என் வாதம் இது: புதிய செயலைத் தேவை பிறப்பிப்பதில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த உறுப்பு, தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வில், புதிய வேலையையும் ஏற்கிறது. அப்படி ஏற்றதற்கு அந்த உடல் விலையும் கொடுக்கிறது. இந்த விலையைக் கணக்கில் சேர்க்காமல் எழுதப்படும் பரிணாம விளக்கம் அரைகுறையானது.

குடமுருட்டிக் கரையில், கும்பகோணத்துக்குத் தெற்கே இருக்கிறது வலங்கைமான். முன்பு தஞ்சை மாவட்டம், இப்போது திருவாரூர் மாவட்டம். இங்கு ஆண்டு முழுவதும் வாழ்க்கை தண்ணீரின் கணக்கில்தான் ஓடுகிறது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் ஆற்றில் வரும் தண்ணீர் வாய்க்கால், கன்னி, மடை என்று இறங்கி வயலை எட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சில ஆண்டுகளில் சம்பாப் பயிர் தலைமுழுகக் கிடக்கும். ஜனவரி 28இல் அணையை மூடிய பிறகு வாய்க்கால் மெல்ல வற்றுகிறது. மாசி, பங்குனியில் குட்டை சுருங்கிச் சேறாகிறது. சித்திரையில் அந்தச் சேறும் பாளம் பாளமாக வெடிக்கிறது. மீன் என்ற உயிருக்கு இது எளிய இடமே அல்ல. ஆனாலும் விரால், குறவை, பனையேறிக் கெண்டை, தேளி, ஆரல், அயிரை எல்லாம் இங்கே இருக்கின்றன.

தண்ணீர் இருக்கும் மாதங்களிலும் அதில் ஆக்சிஜன் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலை அடைந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதே ஒரு லிட்டர் காற்றில் அது 30 மடங்குக்கும் அதிகம். வயல்நீரில் பகலில் பாசி வெளிவிடும் ஆக்சிஜன் நிறைகிறது. இரவானதும் பாசி, பயிர், புழு, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்த்துவிடுகின்றன. விடியற்காலையில் மிச்சம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வெப்பம் கூடக் கூட மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவை ஏறுகிறது. தண்ணீர் தாங்கும் அளவோ இறங்குகிறது. குளத்தில் கட்லா, ரோகு வளர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். மூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் மீனெல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது புதுத் தண்ணீர் விடாவிட்டால் காலையில் செத்து மிதக்கும்.

அதே விடியலில் அதே குளத்து விராலுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. கட்லாவுக்கும் விராலுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு எப்படி உண்டாயிற்று என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வி உலக அறிவியலுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று நம் கடற்கரையிலிருந்துதான் தொடங்குகிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படை அலுவலராக இருந்த டால்டோர்ஃப், 1791 நவம்பரில் நீர்நிலையோரப் பனைமரம் ஒன்றில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். அவருடைய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதே தரங்கம்பாடியில் மதப்பணியாளராக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், பெர்லினில் இருந்த மீனியலாளர் ப்ளாக்குக்கு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிவந்தார். பனையேறி, விரால், தேளி மூன்றுக்கும் 1792 முதல் 1794 வரையான ஆண்டுகளில் அறிவியல் பெயர் சூட்டியவர் அந்த ப்ளாக். பனையேறிக் கெண்டை மெய்யாகவே பனை ஏறுமா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு. பி. கே. தாஸ் 1927இல் லண்டன் ராயல் கழக ஏட்டில் இந்தியாவின் காற்றுச் சுவாச மீன்களைப் பற்றி விரிவாக எழுதினார். காகமும் பருந்தும் கொத்திக்கொண்டுபோய் மரத்தில் போட்ட மீன்களே இந்தப் பேச்சுக்கு மூலம் என்ற விளக்கம் அவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆனால் அந்த மீன் தரையில் நகர்கிறது என்பதில் ஐயமே இல்லை. முள் விளிம்புள்ள செவுள் மூடிகளை அகல விரித்து மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரமான வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விடும்.

அந்தச் செவுள் மூடியைக் கத்தரித்து நீக்கிப் பார்த்தால் செயல் மாற்றத்தின் கதை கண்ணுக்கு நேரே தெரியும். பனையேறியில் நான்கு இணைச் செவுள் வளைவுகள் கீழே ஒதுங்கிக் கிடக்கின்றன. செவுள் இழைகள் அதே அளவுள்ள மற்ற மீன்களுடையதைவிடச் சிறியவை. அவற்றின் மேலே, மண்டையோட்டை ஒட்டி ஓர் அறை. அதற்குள் கசக்கி விரித்த பட்டுத்துணிபோல அலையலையாக மடிந்த மெல்லிய எலும்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் மேலும் இரத்தம் நிறைந்த சவ்வு போர்த்தியிருப்பதால் புதிதாக அறுத்த மீனில் அவை செக்கச் சிவந்திருக்கும். இதைத்தான் நூல்கள் லேபிரிந்த் உறுப்பு என்கின்றன. இந்தத் தகடுகள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. முதல் செவுள் வளைவின் மேல்துண்டு எலும்பு விரிந்து மடிந்து உண்டானவையே அவை. பெரும்பாலான எலும்பு மீன்களில் செவுளைத் தாங்கும் வெறும் கம்பியாக இருக்கும் எலும்பு, இந்த மீனில் காற்றைப் பிடிக்கும் பரப்பாகிவிட்டது.

விராலின் அறை இவ்வளவு மடிப்புள்ளது அல்ல. செவுளுக்கு மேலே ஒரு பை, அதற்குள் சில எலும்புப் புடைப்புகள், மேலே இரத்தச் சவ்வு, அவ்வளவுதான். தேளியில் கதை வேறு. அதன் செவுள் அறையிலிருந்து இரண்டு நீண்ட குழாய்கள் கிளம்பி, முதுகெலும்பின் இரு பக்கமும் தசைக்குள் புதைந்து, வாலை நோக்கி நெடுந்தூரம் ஓடுகின்றன. மீனைக் குறுக்கே வெட்டிய துண்டில் அந்த ஓட்டைகளைப் பார்க்கலாம். அயிரையின் உறவினத்தில் சில காற்றை விழுங்கிக் குடலின் பின்பகுதியால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. உணவைச் செரிக்கும் குழாயின் ஒரு பகுதியே மூச்சுக்கும் உதவுகிறது.

விராலும் பனையேறியும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினங்கள். அவற்றின் அறைகளை முற்றிலும் தனித்தனித் தோற்றங்கள் என்று எண்ணுவது சரியல்ல. இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடமே அவற்றின் தொடக்கம் இருந்திருக்கலாம். ஆனால் தேளி கெளுத்தி இனம். அயிரை கெண்டை வரிசையைச் சேர்ந்தது. இவை தத்தம் வழியில் தனியாகத்தான் காற்றை எட்டியிருக்க வேண்டும். ஆக, ஒரே குட்டையில் ஒரே செயல் குறைந்தது மூன்று முறை, மூன்று வெவ்வேறு பழைய உறுப்புகளிலிருந்து எழுந்திருக்கிறது. ஜெஃப்ரி கிரஹாம் 1997இல் வெளியிட்ட தொகுப்பின்படி உலகில் காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் 49 குடும்பங்களில் 370 இனங்களுக்கு மேல். அவற்றில் இந்தத் திறன் பல டஜன் முறை தனித்தனியே தோன்றியது என்பது அவர் கணக்கு. தேவைதான் உறுப்பைப் படைக்கிறது என்றால் ஒரே தேவைக்கு ஒரே உறுப்பு கிடைத்திருக்க வேண்டும். இங்கு ஒவ்வொன்றும் தன் கையில் இருந்த சரக்கை வைத்தே வேலையை முடித்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மீன்களுக்குக் காற்றுப்பை இருக்கிறதே, அதை நுரையீரலாக்கிக்கொண்டிருக்கலாமே? டார்வின் 1859இல் காற்றுப்பையே நுரையீரலாக மாறியது என்று கருதினார். இன்று பெரும்பாலோர் ஏற்பது இதன் தலைகீழ். எலும்பு மீன்களின் தொன்மையான மூதாதைக்கு நுரையீரல்தான் இருந்தது. பின்னர் வந்த பெரும்பான்மை மீன்களில் அது மிதவையைச் சரிசெய்யும் காற்றுப்பையாயிற்று. விரால், பனையேறி ஆகியவற்றின் முன்னோர்கள் அந்த மாற்றத்தின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியவை. அவற்றின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையிலிருந்த குழாயே மறைந்துவிட்டது. தேளியில் காற்றுப்பை சுருங்கி எலும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. ஆகவே பழைய கதவு மூடிய பிறகு இந்த மீன்களுக்குக் காற்று மறுபடி தேவைப்பட்டது. வந்த வழி திரும்ப முடியாமல் செவுள் அறையையும் குடலையும் பிடித்துக்கொண்டன. உடற்செயலின் பரிணாமத்தில் வரலாறு எவ்வளவு அழுத்தமாகக் கையைக் கட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பாதி உறுப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் விடியற்காலைக் குளமே பதில். வாய் பிளக்கும் கட்லா காற்றைச் சுவாசிக்கவில்லை. காற்றோடு உரசும் மேல்படல நீரைச் செவுளுக்குள் தள்ளுகிறது. அந்தப் படலத்தில் மட்டுமே கொஞ்சம் ஆக்சிஜன் உண்டு. அப்படிச் செய்யும்போது சில காற்றுக் குமிழிகளும் வாய்க்குள் போகும். வாயின் உட்சவ்வு மெல்லியதாகவும் இரத்தம் மிகுந்ததாகவும் இருக்கும் மீனுக்கு அக்குமிழியிலிருந்து சிறிதளவு ஆக்சிஜன் கிடைக்கும். குமிழியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கவைக்கும் ஒரு பள்ளம் அமைந்த மீனுக்கு இன்னும் சற்று அதிகம். வற்றும் குட்டையில் உயிர் பிழைப்பது இந்தச் சிறு வேறுபாட்டில்தான் இருக்கிறது. வழவழப்பான பையிலிருந்து விராலின் புடைப்பு, பனையேறியின் மடிப்பு வரை ஒவ்வொரு படியும் அன்றன்றைக்கே பயன் தந்திருக்கும். குஞ்சின் வளர்ச்சியிலும் இந்தப் படிவரிசை உண்டு. பொரித்த விரால் பார்ப்பு முதலில் தோலாலும் செவுளாலும் மட்டுமே மூச்சு விடுகிறது. காற்றறை சில வாரங்கள் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்குகிறது.

இனி விலை. லேபிரிந்திலிருந்து ஆக்சிஜன் ஏறிய இரத்தம் நேரே உடலுக்குப் போவதில்லை. சிரை வழியே இதயத்துக்குத் திரும்பி, உடலிலிருந்து வரும் கெட்ட இரத்தத்தோடு கலக்கிறது. பிறகு மறுபடி செவுளுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே வெளியில் இருப்பது ஆக்சிஜன் இல்லாத தண்ணீர். செவுள் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் மேலே போய் அரும்பாடுபட்டு வாங்கிய ஆக்சிஜன் செவுள் வழியே தண்ணீரில் ஒழுகிப்போகும். பனையேறியிலும் விராலிலும் இதற்கு ஒரு பங்கீடு ஏற்பட்டிருக்கிறது. முதல் இரண்டு செவுள் வளைவுகளின் இரத்தம் காற்றறைக்கும், பின் இரண்டின் இரத்தம் பெரும்பாலும் உடலுக்கும் போகின்றன. செவுள் இழைகளும் சுருங்கியிருக்கின்றன. இழப்பைத் தடுத்த அதே சுருக்கம் மீனைத் தண்ணீரின் மேல்மட்டத்தோடு கட்டிப்போட்டுவிட்டது. வளர்ந்த விராலை வலைக்குள் வைத்து மேலே வரவிடாமல் நீருக்குள்ளேயே அமிழ்த்தி வைத்தால் மூச்சு முட்டிச் சாகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகிறது என்பது கேட்க விந்தையாக இருக்கலாம். செயல் மாற்றத்தின் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது எதிர்பார்க்க வேண்டிய முடிவே.

செவுள் முற்றிலும் அழியாததற்கும் காரணம் உண்டு. ஹியூஸ், சிங் என்ற ஆய்வாளர்கள் 1970இல் பனையேறியை அளந்து பார்த்தபோது அது தன் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியைக் காற்றிலிருந்து எடுத்தது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதியை மட்டும் செவுள் வழியே தண்ணீரில்தான் விட்டது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் எளிதில் கரையும், ஆக்சிஜன் அவ்வளவு எளிதில் கரையாது. ஒரே சுவாசம் இரண்டாகப் பிரிந்து, வாங்கும் வேலை ஓரிடத்திலும் விடும் வேலை வேறிடத்திலும் நடக்கிறது.

மேலே போய்வருவதற்கும் செலவு இருக்கிறது. 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் விராலை வைத்து நடத்திய ஆய்வுகள் தமிழகத்து உடலியங்கியலுக்குப் பெருமை சேர்ப்பவை. ஒரு நாளில் மீன் எத்தனை முறை மேலே வருகிறது, எவ்வளவு தூரம் நீந்துகிறது, தின்ற இரையில் எவ்வளவு வளர்ச்சிக்குப் போகிறது என்று அவர்கள் பொறுமையாக எண்ணினார்கள். நீந்தும் தூரம் கூடினால் வளர்ச்சிக்குப் போக வேண்டிய இரை அதில் கரைகிறது. முழங்கால் அளவு வயல்நீரில் விராலுக்கு மூச்சு மலிவு, ஆழக் குளத்தில் அதே மூச்சு விலை அதிகம். ஆனால் ஆழமில்லாத நீரில் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. மேலே வரும் அந்த நொடியில்தான் கொக்கும் நாரையும் கொத்துகின்றன. ஊத்தாக் கூடையோடு குட்டையில் இறங்குபவரும் மேலெழும் அந்தச் சலனத்தைக் குறிவைத்தே குத்துகிறார்.

மூச்சு ஒன்று மாறினால் போதாது என்பதே இந்த மீன்கள் தரும் ஆழமான செய்தி. சாதாரண மீன் தன் நைட்ரஜன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கரைத்துவிடுகிறது. சேற்றில் புதைந்தாலோ வரப்பில் நகர்ந்தாலோ கரைக்கத் தண்ணீர் இல்லை. அமோனியாவோ நஞ்சு. ஷில்லாங் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் நிர்மலேந்து சாகாவும் ரதாவும் 1987இல் ஒன்றைக் காட்டினார்கள். தேளியின் உடல் யூரியா சுழற்சியைச் செயற்படுத்தி அமோனியாவை நஞ்சு குறைந்த யூரியாவாக மாற்றுகிறது. நம் கல்லீரல் செய்வதும் இதே வேலை. தேளி இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வளர்ந்தபின் இச்சுழற்சியைப் பயன்படுத்தாத டிரவுட் மீனிலும் முட்டைக்குள் கரு வளரும்போது அதன் நொதிகள் இயங்குகின்றன. மரபணு கையிருப்பில் இருந்தது. தேளியின் கால்வழியில் அது வளர்ந்த உடலிலும் வேலை பார்க்கிறது. பனையேறி போன வழி வேறு. 2006இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டியபடி, அது தரையில் இருக்கும்போதும் ஆற்றலைச் செலவழித்து அமோனியாவை உடலிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஒரே சிக்கலுக்கு ஒரே வயலில் இரண்டு தீர்வுகள். இரண்டும் பழைய கருவிகளின் புதுப் பயன்பாடு.

காவிரிப் படுகைக்கு ஏற்பத்தான் இந்த மீன்கள் இப்படி ஆயின என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். அது தவறு. பாகிஸ்தானின் கோஹாட் பகுதியில் கிடைத்த விரால் இனப் புதைபடிவம் ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகள் பழமையானது. 2017இல் விவரிக்கப்பட்ட ஈயோஅனபாஸ் என்ற பனையேறி உறவினம் திபெத்தில், 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான படிவில் கிடைத்தது. அதன் மண்டையில் லேபிரிந்த் எலும்பின் தடம்கூட இருக்கிறது. பாறையில் செயலின் நிழல் பதிந்த அரிய சான்றுகளுள் அது ஒன்று. நம் வயல்களின் வண்டல் இவற்றோடு ஒப்பிட நேற்றையது. நெல் சாகுபடி அதைவிடவும் புதிது. உழவர் வரப்புக் கட்டி, மடை திறந்து, ஆண்டுதோறும் நிறைந்து வற்றும் ஆழமற்ற நீரை உண்டாக்கியபோது, அதற்குத் தகுந்த உடலோடு இந்த மீன்கள் முன்பே தயாராக இருந்தன. ஒரு காரணத்துக்காக அமைந்த பண்பு பின்னொரு சூழலில் வேறு விதமாகப் பயன்படுவதைப் பரிணாம ஆய்வாளர்கள் கூல்டும் வ்ர்பாவும் 1982இல் எக்ஸாப்டேஷன் என்றனர். வயல்மீன் என்ற வாழ்வே அந்த வகை.

மீனை விட்டுப் பயிருக்கு வந்தாலும் இதே நியதிதான். நடவு முடிந்த வயலில் ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவினால், சுற்றிலும் கருஞ்சேறாக இருக்க, வேர்மேல் மட்டும் செம்பழுப்புப் பூச்சு ஒட்டியிருக்கும். நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் ஓடும் காற்றுக்குழல்கள் வழியே இறங்கிய ஆக்சிஜன் கசிந்து, மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம் அது. வேரில் அந்தக் குழல்கள் புதிய உறுப்பாக முளைப்பவை அல்ல. சில செல்கள் மடிந்து விட்ட வெற்றிடமே குழலாகிறது. 2006இல் கண்டறியப்பட்ட சப்1ஏ மரபணுவும் இவ்வாறுதான். ஒடிசாவின் பழைய ரகமொன்றிலிருந்து வந்த அது, பக்கத்து மரபணு ஒன்று இரட்டித்து உண்டானது. வெள்ளத்தில் மூழ்கிய பயிர் வீணாக நீண்டு சத்தைத் தீர்க்காமல் அடங்கிக் காத்திருக்கச் செய்கிறது. டெல்டா உழவர் அறிந்த சி.ஆர். 1009 ரகத்தில் அதைச் சேர்த்து உருவாக்கியதே சி.ஆர். 1009 சப் 1. மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் மூழ்கினாலும் அது மீள்கிறது.

நம் வகுப்பறைகளில் பரிணாமம் என்றால் இன்றும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துதான். வலங்கைமானிலோ நீடாமங்கலத்திலோ படிக்கும் மாணவர் அந்த விலங்கைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார். விராலும் தேளியும் அவர் வீட்டுக் குழம்பில் இருக்கின்றன. மறுபுறம், இந்த மீன்கள் வாழும் இடம் நம் கண்ணெதிரே மாறிவருகிறது. பூச்சிமருந்து, தூர்ந்த குட்டைகள், சிமெண்டுக் கரை வாய்க்கால்கள், தடை இருந்தும் குளங்களில் வளர்க்கப்பட்டு வெளியே தப்பிய ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம் சேர்ந்து அவற்றை நெருக்குகின்றன. ஆக்சிஜன் இல்லாத நீரைத் தாங்கப் பரிணமித்த உடல், நஞ்சு கலந்த நீரைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே டெல்டாக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கும், நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கல்லூரியும் தன் பக்கத்தில் ஒரு குட்டையையாவது தேர்ந்துகொள்ளட்டும். அது எப்போது நிறைந்தது, எப்போது வற்றியது, விடியலில் அதன் ஆக்சிஜன் எவ்வளவு, அதில் எந்தெந்த மீன் இருந்தது என்று ஆண்டுதோறும் பதிந்து வைக்கட்டும். மதுரையில் விராலின் மூச்சை எண்ணியவர்களுக்குத் தேவைப்பட்டதும் ஒரு தொட்டி, ஒரு கடிகாரம், பொறுமை இவ்வளவே. அந்தப் பதிவேட்டை வரும் சித்திரைக்குள் தொடங்கிவிடலாம்.